லென்ஸ் மாற்றியபோது தெரிந்துகொண்டது

நான் கான்டாக்ட் லென்ஸ் போடுவது வழக்கம். பவர் பார்க்கத்தான் கண் டாக்டரிடம் போயிருந்தேன். கண்ணில் வலியோ உறுத்தலோ கிடையாது. ஆனால் ஸ்லிட் லேம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்த டாக்டர், கார்னியாவின் (கண்ணின் முன்புறத்தில் உள்ள தெளிவான படலம்) விளிம்பைத் தாண்டி மெல்லிய ரத்தக் குழாய்கள் உள்ளே வந்திருப்பதாகச் சொன்னார். கார்னியாவில் ரத்தக் குழாயே இருக்கக் கூடாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும் திசு அது. லென்ஸ் அதை மறித்தால் குழாய்கள் எட்டிப் பார்க்கின்றன.

நான் போட்டிருந்தது பழைய ஹைட்ரோஜெல், அதாவது நீரை உறிஞ்சிவைத்திருக்கும் மென்மையான பிளாஸ்டிக் லென்ஸ். அதில் ஆக்சிஜன் நீர் வழியாகத்தான் போகும். ஆக்சிஜன் ஊடுருவும் அளவு (Dk எனும் அளவீட்டில்) சுத்தமான நீருக்கே 80 போலத்தான் என்பதால், நீரை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் போக வழியில்லை. சிலிக்கோன் ஹைட்ரோஜெல்லில் சிலிக்கோனே ஆக்சிஜனைக் கடத்துகிறது. லென்ஸ் கம்பெனிகள் சொல்லும் ஆக்சிஜன் கடத்தும் எண் பெரும்பாலும் மைனஸ் 3 பவர் லென்ஸின் நடுப்பகுதிக்கானது என்பதும் அன்றுதான் தெரிந்தது. என்னைப் போல மைனஸ் பவர் அதிகமென்றால் லென்ஸின் ஓரம் தடிமனாகிவிடும். குழாய் வளர்வதோ சரியாக அந்த ஓரத்தில்!

கொஞ்ச காலம் கண்ணாடி மட்டும். அப்புறம் சிலிக்கோன் ட்ரையல் லென்ஸ். முதலில் கொடுத்தது விறைப்பாக இருந்தது; இமைக்கும்போதெல்லாம் உணர முடிந்தது. சிலிக்கோன் என்றாலே சொகுசு என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வேறு வளைவில் மாற்றியதும் சரியானது. அடுத்த பரிசோதனையில் சாயம் விட்டுப் பார்த்தபோது கார்னியாவில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. லென்ஸ் மேல் சந்தேகப்பட்டேன். டாக்டரோ ஊறவைக்கும் சொல்யூஷனை மாற்றச் சொன்னார். சில சொல்யூஷன்கள் சில லென்ஸ்களோடு ஒத்துப்போவதில்லையாம். ஹைட்ரஜன் பெராக்சைடு சொல்யூஷனுக்கு மாறினேன். அதை நடுநிலையாக்க ஆறு மணி நேரமாவது விடவேண்டும், அவசரத்துக்கு ஆகாது. புள்ளிகள் போய்விட்டன.

விளிம்புச் சிவப்பும் குறைந்தது. உள்ளே வந்த குழாய்களில் ரத்தம் வற்றிவிட்டது, ஆனால் தடம் அப்படியே இருக்கிறது. மறுபடி ஆக்சிஜன் குறைந்தால் அவை சீக்கிரமே நிரம்புமாம்.

தூங்கும்போதும் போடலாமா என்று கேட்டேன். அதற்கென அனுமதி பெற்ற சிலிக்கோன் லென்ஸ்கள் உண்டு. ஆனால் லென்ஸோடு தூங்குவதால் வரும் கிருமித்தொற்று, ஆக்சிஜன் கூடியதால் குறைந்துவிடவில்லை என்றார். இரவில் கழற்றியே வைக்கிறேன்.