இந்த வருஷம் வந்த தட்டுகள்

ஜனவரி 7, 2024, குன்னூர்

கோத்தகிரி பழைய பேப்பர் கடைக்காரர் நேற்று ராத்திரி போன் செய்தார். "அண்ணா, கறுப்பு பிளேட் கொஞ்சம் வந்திருக்கு, காலையிலயே வந்துருங்க." எட்டு மணிக்கெல்லாம் கடை வாசலில் நின்றேன். சாக்குக்குள் பதினொரு கிராமபோன் இசைத்தட்டுகள். அரக்குத் தட்டைச் சாக்கில் போட்டால் என்ன ஆகும்? ஐந்து உடைந்து கிடந்தன. மிச்சம் ஆறில் ஒன்றைத் துடைத்துப் பெயரைப் படித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. தோடி ராகம்.

600 ரூபாய் கேட்டார். பேரம் பேச வாய் வரவில்லை.

பத்து அங்குலத் தட்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமும் சொச்சமும். மேடையில் மணிக்கணக்காக விரிக்கிற தோடியை அந்த மூன்று நிமிடத்துக்குள் வைத்திருக்கிறார், ஆனால் எங்கும் அவசரம் தெரியவில்லை. நாகசுரத்தின் நீளத்தைக் கூட்டி, சுருதியை இறக்கி, பாரி நாகசுரத்தை நிலைநிறுத்தியவர் அவர்தான். அந்தக் கனமான நாதம் இந்தக் கரகரப்புக்கு நடுவிலும் மார்பில் வந்து மோதுகிறது. ராத்திரி நாலு தடவை கேட்டேன். வீட்டில் எல்லோரும் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 18

இன்றைக்குத் தட்டு இல்லை, ஊசி. ஊட்டியில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடையைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மேஜை இழுப்பறையில் 200 ஊசி கொள்ளும் சின்னத் தகர டப்பா ஒன்று இருந்தது, பத்துப் பதினைந்துதான் குறைந்திருக்கும். 450 ரூபாய். என் பெட்டி கிராமபோனுக்கு (எச்.எம்.வி. 102, கையால் சாவி கொடுப்பது) இது தங்கம்.

"ஒரு தடவைதானே ஓடுச்சு, அந்த ஊசியை ஏன்பா தூக்கிப் போடுற?" என்றாள் மகள். புது ஊசி ஒன்றையும் ஒரு பக்கம் ஓடி முடித்த ஊசி ஒன்றையும் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துக் காட்டினேன். புதுசின் முனை உருண்டையாக இருந்தது. பழையதில் இரண்டு பக்கமும் தேய்ந்து உளி மாதிரி பட்டையாகிவிட்டது. அரக்கோடு கல்தூளும் கலந்துதான் தட்டு வார்ப்பார்கள். அந்தத் தூள் முதல் சுற்றுகளிலேயே ஊசியைப் பள்ளத்தின் அளவுக்குத் தேய்த்துவிடும். அதே ஊசியை அடுத்த பக்கத்துக்கும் வைத்தால் உளி பள்ளத்தைச் செதுக்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் பக்கத்துக்கு ஒரு ஊசி. அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 5

ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி அடித்தது. அந்த வாரம் பார்த்து வெலிங்டனில் ஒரு வீட்டிலிருந்து வாங்கிய எம்.எஸ். சுப்ரபாதம் எல்.பி.யைக் (நீளமாக ஓடும் வினைல் தட்டு) காரின் பின்சீட்டில் மறந்துவிட்டேன். அப்பளம் மாதிரி ஒரு ஓரம் தூக்கிக்கொண்டது. இப்போது இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவில் வைத்து மேலே புத்தகங்களை அடுக்கியிருக்கிறேன்.

1963-ல் வந்த இந்த எல்.பி. என்னிடம் ஏற்கெனவே மூன்று இருக்கிறது. நாலாவது எதற்கு என்றால், உறைக்காக. பின்பக்கத்தில் யாரோ பென்சிலால் வருஷா வருஷம் "மார்கழி 1" என்று எழுதி, பக்கத்தில் மணியும் குறித்திருக்கிறார்கள். 4.40, 4.45, 4.30. கடைசி மூன்று வரியில் கையெழுத்து மாறியிருக்கிறது. அந்த வீட்டில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.



ஜூன் 9

எங்கள் டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான், பந்தலூர் பக்கம் அவன் மாமியார் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு பாட்டியிடம் பழைய தட்டு இருக்கிறதென்று. மழை பிடிப்பதற்குள் போய்விடலாம் என்று இன்றைக்குக் கிளம்பினோம். பெட்டி கிராமபோனையும் தூக்கிக்கொண்டேன். கூடலூரில் பஸ் மாறும்போது கை இற்றுவிட்டது.

பாட்டி இலங்கையிலிருந்து வந்தவர். 1964-ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம் அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணி வைத்தது. அதில் ஒருவர். ஹட்டன் பக்கத்துத் தோட்டம். எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் இங்கே டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்திருக்கிறார். டிரங்குப் பெட்டியைத் திறந்து, இரண்டு சேலைக்கு நடுவிலிருந்து ஒரே ஒரு தட்டை எடுத்தார். கே.பி. சுந்தராம்பாள், முருகன் மேல் ஒரு பாட்டு.

"எங்கப்பா வாங்குனது தம்பி. லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்) கங்காணி வீட்டுக்கு அப்புறம் எங்க வீட்டுலதான் பொட்டி இருந்துச்சு. பொட்டிய வித்துத்தான் கப்பலுக்கு வந்தோம். இத விக்க மனசு வரல."

நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தட்டை அவர் கேட்டதில்லை. சாவி கொடுத்தேன், புது ஊசி மாட்டினேன், முள்ளை வைத்தேன். கொடுமுடிக்காரரின் குரல் அந்தச் சின்ன அறையில் எழுந்தது. எந்த மைக்கும் தேவைப்படாத நாடக மேடைக் குரல். 1933-ல் கணவர் கிட்டப்பா போன பிறகு வெள்ளைச் சேலைக்கு மாறியவர். கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வராமல் இருந்ததில்லை.

பாட்டி கூடவே பாடிக்கொண்டிருந்தார். சரணம் தொடங்கியதும் விரலைத் தூக்கி, "இந்தா, இப்பக் குதிக்கும்" என்றார். குதித்தது. குறுக்கே ஒரு கீறல், நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற ஆழம். ஒரு சின்னச் சொல்லை விட்டுவிட்டு முள் அடுத்த சொல்லில் போய் விழுந்தது. பாட்டியும் அந்தச் சொல்லை விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனார், துளிகூடத் தடுக்கவில்லை. அவருக்கு அந்தப் பாட்டே அப்படித்தான்.

இத்தனை வருஷமாகக் கீறலில்லாத தட்டாகத் தேடித் தேடி வாங்கியவன் நான். அந்த நொடியில் இந்தத் தட்டு வேண்டும் என்று தோன்றியதை என்னவென்று சொல்ல. கேட்கவும் கூச்சமாக இருந்தது. அவரேதான் ஆரம்பித்தார். இங்கே ஈரத்தில் வீணாய்ப் போகிறது, நீ நல்லா வச்சுக்குவ, நூறு ரூபா குடு என்றார். ஆயிரத்தை நீட்டினேன், தொள்ளாயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "வருசத்துக்கு ஒருக்கா கொண்டாந்து போட்டுக் காட்டு, அது போதும்."

ஆகஸ்ட் 4

வயநாட்டு நிலச்சரிவுச் செய்தி வந்ததிலிருந்து மனசு சரியில்லை. பந்தலூர் அங்கிருந்து தூரமில்லை. போன் போட்டுக் கேட்டேன், பாட்டி வீட்டுப் பக்கம் எல்லோரும் நலம்.

மழையில் வீடு முழுக்க நமுத்துக் கிடக்கிறது. பத்துத் தட்டில் வெள்ளைப் பூசணம். எல்.பி.க்களை டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, பள்ளத்தின் போக்கிலேயே துடைத்தேன். அரக்குத் தட்டில் மட்டும் ஸ்பிரிட் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். புதிதாகச் சேர்ப்பவர்கள் இதை மறந்து நல்ல தட்டுகளைக் கெடுத்திருக்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

அக்டோபர் 20

இந்த வருஷம் அதிக விலை கொடுத்தது இன்றைக்குத்தான். இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' எல்.பி., 1986. ஊட்டியில் வீடு மாற்றிப் போகிற ஒருவரிடம், 2,800 ரூபாய். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஹுக்கும் (Bach) காணிக்கையாக்கிய இசை. செல்போனில் நூறு தடவை கேட்டதுதான். ஆனால் வி.எஸ். நரசிம்மனின் வயலினில் வில் கம்பியைத் தொடுகிற அந்த ஆரம்பச் சிராய்ப்பை இன்றைக்குத்தான் கேட்டேன்.

நவம்பர் 17

மேட்டுப்பாளையத்தில் ஒரு காயலான் கடையில் அதே சுந்தராம்பாள் தட்டு! 900 ரூபாய். உறைகூடக் கிழியவில்லை, ஒரு கீறல் இல்லை. வீட்டுக்கு வந்து போட்டேன். சரணம் வந்தது. விட்டுப்போன அந்தச் சொல் முழுசாக, சின்னக் கமகத்தோடு வந்தது. என்னாலேயே நம்ப முடியவில்லை, எனக்கு அது கூடுதல் சொல்லாகப் பட்டது.

டிசம்பர் 22

விடியற்காலை ஊட்டி தாண்டும்போது புல்லெல்லாம் உறைபனி. பந்தலூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார், கொஞ்சம் மெலிந்திருக்கிறார். "வந்துட்டியா தம்பி" என்றார், நேற்றுத்தான் போய் வந்தவனைக் கேட்பது மாதிரி.

முதலில் அவருடைய தட்டு. விரல் சரியாக உயர்ந்தது, முள் குதித்தது, அவரும் கூடவே போனார். அப்புறம் எதுவும் சொல்லாமல் மேட்டுப்பாளையத்துத் தட்டை வைத்தேன். சரணத்தில் பாட்டி வழக்கம்போல அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார். சுந்தராம்பாள் இன்னும் வரவில்லை. பாட்டி பாடுவதை நிறுத்திவிட்டுப் பெட்டியையே பார்த்தார்.

"இங்க ஒரு வார்த்த இருக்கா?"

"இருக்கு பாட்டி."

பாட்டு முடியும் வரை பேசவில்லை. உதடு மட்டும் அந்தச் சொல்லை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தது.

"மறுபடி போடு தம்பி."

"எதைப் போட?"

"ரெண்டையுந்தான்."

ஊசியை மாற்றினேன்.