பக்கத்து வீட்டுப் பந்துகள்

மார்ச் 8, 2025, சனி

பக்கத்து வீட்டுப் பாட்டி, கணவர் சேர்த்துவைத்த கையெழுத்து பேஸ்பால்களை விற்க வேண்டும், விலை பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். நான் கிரிக்கெட் ஆள், ஆனால் ஏல விலைகளைத் தோண்டிப் பார்ப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறார். பெட்டியில் பாதிக்கு மேல் பாப் ஃபெல்லர் என்ற பழைய பந்துவீச்சாளரின் கையெழுத்து. 266 வெற்றி, 3 நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்), அவர் ஆடிய க்ளீவ்லாந்து ஊருக்குக் கிட்டத்தட்ட குலதெய்வம், ஆனால் பந்து நூறு டாலரைத் தாண்டாது. மனிதர் 2010இல் இறக்கும்வரை யார் நீட்டினாலும் போட்டுக் கொடுத்தார், அவர் கையெழுத்து இல்லாத பந்துதான் அபூர்வம் என்று கிண்டலே உண்டு. சிலதில் தாத்தாவின் பெயரையும் எழுதியிருக்கிறார். அதற்கு விலை இன்னும் இறங்கும், அடுத்தவர் பெயர் போட்ட பந்து யாருக்கு வேண்டும்?

மார்ச் 9, ஞாயிறு

இதே ஊருக்கு ஆடிய ஷூலெஸ் ஜோ ஜாக்சன் கதை நேர்மாறு. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றே சொல்லலாம், கையெழுத்து கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் மனைவிதான் போட்டுக் கொடுத்தாராம். அவரே போட்ட ஒரு 1911 புகைப்படம் 2015 ஏலத்தில் 1,79,000 டாலருக்குக் கொஞ்சம் மேலே போனது, 2021இல் அதே படம் 14 லட்சத்து 70 ஆயிரம்! சேமநல நிதியில் போட்டவன் எல்லாம் மடையனா என்று மனைவியிடம் கேட்டேன், பதில் வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

பெட்டியின் அடியில் பேப் ரூத் கையெழுத்திட்ட பந்து, பேஸ்பாலின் பிராட்மேன் என்று சொல்லலாம். கூடவே ஒரு சான்றிதழ், 90களில் கலிஃபோர்னியாவில் வாங்கியதாம். ஒரு நிமிடம் கை நடுங்கியது. அப்புறம் பந்தைத் திருப்பிப் பார்த்தால், அமெரிக்கன் லீக் தலைவர் ஜோ க்ரோனின் என்று அச்சு. அந்தக் காலப் பந்துகளில் லீக் தலைவர் பெயர் இருக்கும், அதை வைத்தே வயதைச் சொல்லிவிடலாம். க்ரோனின் தலைவரானது 1959இல், ரூத் இறந்தது 1948இல். செத்துப் பதினோரு வருஷம் கழித்து வந்து கையெழுத்துப் போட்டாரா? சான்றிதழை நம்பவே கூடாது, கள்ளக் கையெழுத்தைப் போடுகிறவனுக்கு ஒரு தாளை அச்சடிப்பது பெரிய வேலையா? 1999இல் எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்று ஒரு போலிக் கையெழுத்துக் கும்பலை அதே கலிஃபோர்னியாவில் பிடித்தபோது அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட அவர்கள் சரக்கில் இருந்தது. அன்னை தெரசா! அதையும் வாங்க ஆள் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான், 2001இல், மேஜர் லீக் பேஸ்பால் நிர்வாகம் ஆட்களை நேரில் நிறுத்தி, கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு ஹாலோகிராம் ஒட்டும் ஏற்பாட்டைத் தொடங்கியது.

மார்ச் 15, சனி

பாட்டியிடம் ரூத் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "அவர் எப்பவுமே அப்படித்தான்" என்று தாத்தாவைச் சொல்லித் தோளைக் குலுக்கினார், அவ்வளவுதான்.

நிஜமான நம்பிக்கை 1948 அணிப் பந்தின் மேல்தான், அதாவது அணியே கையெழுத்திட்ட பந்து. க்ளீவ்லாந்து கடைசியாக உலகத் தொடர் ஜெயித்த வருஷம், அச்சில் அப்போதைய லீக் தலைவர் வில் ஹாரிட்ஜ் பெயர், அதுவும் சரி. வெயில் படும் அலமாரியில் இருந்ததால் மை வெளிறியிருக்கிறது, அது ஒரு அடி. அதில் ஃபெல்லர், லூ பூட்ரோ, கூடவே சாட்செல் பெய்ஜ் என்று அந்த அணி ஆட்டக்காரர்களின் கையெழுத்துகள். அணிப் பந்துகளில் உடைமாற்றும் அறைப் பையன்களே எல்லார் பெயரையும் எழுதிக் கொடுத்துவிடுவதுண்டு. இதில் பெய்ஜின் 'எஸ்' மற்றவர்களுடையது போல இல்லை, அவரே போட்டதாக இருக்கலாம், ஆனால் என் கண்ணை நம்பி யார் காசு கொடுப்பார்கள்? கையெழுத்தைச் சரிபார்க்கும் பிஎஸ்ஏ நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். நிஜமோ போலியோ, கட்டணம் கட்டணம்தான் என்றேன். பாட்டி கொஞ்சம் யோசித்தார், தாத்தா பெயர் எழுதாத ஃபெல்லர் பந்துகளாகப் பார்த்து நாலைந்தை எடுத்து என் கையில் கொடுத்து, முதலில் இதை விற்று அந்தக் கட்டணத்தைக் கட்டு என்றார்.