இடது கால் ஷூ

மார்ச் 2
பேர் கொடுத்தாயிற்று. நான்கு பேர், ஒரே நாள், 30 கிலோமீட்டர். சேருகிற பணம் முழுக்க ஏர் ஆம்புலன்ஸுக்கு. முதலில் கை தூக்கியது நான்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

மார்ச் 3
தூக்கம் இல்லை. ஷூ இன்னும் பரணில்தான் இருக்கிறது.

மார்ச் 6
நடப்பதைவிடக் கேட்பதுதான் கஷ்டம். "ஹெலிகாப்டர் வைத்திருக்கிறவனுக்கு நம்ம காசு எதுக்கு?" என்று சிரித்தார் ஒருவர். பிரிட்டனில் பெரும்பாலான ஏர் ஆம்புலன்ஸ்கள் நன்கொடையில்தான் பறக்கின்றன என்றேன். ஆஸ்திரேலியாவில் ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் 1928-இல் பறக்கும் மருத்துவர் சேவையை ஆரம்பித்ததும் அப்படித்தான் என்றேன். விட்டால் இன்னும் பேசியிருப்பேன். பணம் கொடுத்தார், என்னை வாயடைக்க.

மார்ச் 9
பயிற்சி நடை, 12 கிலோமீட்டர். வலது குதிகாலில் கொப்புளம். அக்காவிடம் நல்ல திட்டு: புது ஷூவை சாயங்காலம்தான் வாங்க வேண்டுமாம், நடந்து நடந்து அதற்குள் கால் வீங்கியிருக்குமாம். கொப்புளத்தை உடைக்காதே என்றும் சொன்னாள். உடைத்துவிட்டேன்.

வழியில் 41 மின்கம்பங்கள்.

மார்ச் 10
மேலே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். சாதாரண விமானம்.

மார்ச் 14
எழுதிவிடுகிறேன்.

அவன் அடிபட்டுக் கிடந்த அன்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். போனை எடுத்த பெண், ஹெலிகாப்டர் இறங்க வேண்டுமென்று பதற்றமே இல்லாமல் கேட்டாள். தரை சமமா? சமம். ஆட்கள் இருக்கிறார்களா? நான் மட்டும்தான். நான் சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தேன். வேண்டாம், துணி எதுவும் பறக்கக் கூடாது, இறக்கை இழுத்துக்கொள்ளும், அவர்கள் கூப்பிடும்வரை கிட்டே போகாதீர்கள், வால் பக்கம் போகவே போகாதீர்கள் என்றாள். மின்கம்பி இருக்கிறதா? இல்லை என்றேன்.

இருந்தது. போனை வைத்த பிறகுதான் கண்ணில் பட்டது. திரும்பக் கூப்பிடத் தோன்றவில்லை, கீழே கிடந்த என் நண்பன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்கி வந்த ஹெலிகாப்டர் மறுபடி மேலேறி, ஒரு வட்டம் அடித்து, அந்தப் பக்கத்து வயலில் இறங்கியது. அங்கிருந்து பைகளோடு ஓடி வந்தார்கள். அந்த ஒரு வட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு நிமிடம்? இரண்டு?

வந்தவர்கள் உடனே தூக்கிக்கொண்டும் போகவில்லை. தொண்டையில் குழாய், நெஞ்சில் குழாய். "சீக்கிரம் கொண்டுபோங்க சார்" என்று கத்தினேன். டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது தெரிகிறது: மேலே போகப் போக நெஞ்சுக்குள் கசிந்த காற்று விரியும், அந்த இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப்பும் உதவாது, அதனால் முக்கியமானதைத் தரையிலேயே முடித்துவிடுகிறார்கள். நோயாளியைக் கொண்டுபோவதைவிட டாக்டரைக் கொண்டுவருவதுதான் ஹெலிகாப்டரின் பெரிய வேலை.

வலது கால் ஷூவைக் கத்தரியால் வெட்டி எடுத்தார்கள். இடது கால் ஷூ அதற்கு முன்பே கழன்று புல்லில் கிடந்தது.

மார்ச் 15
நேற்று எழுதியதைப் படிக்கவில்லை.

மார்ச் 19
கணக்குப் போட்டேன். மணிக்கு 240 கிலோமீட்டர் என்றால் 30 கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம். எங்களுக்கு ஏழு மணி நேரம், என் குதிகால் சம்மதித்தால்.

மார்ச் 21
அவன் போன் செய்தான். குரல் இன்னும் கரகரப்புதான். நடை முடிகிற இடத்துக்கு வருவானாம், ஊன்றுகோலோடு. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "டேய், என் இன்னொரு ஷூ எங்கடா?" என்றான். தெரியாது என்றேன்.

இது இரண்டாவது பொய்.

மார்ச் 23, காலை 5 மணி
இரண்டு ஜோடி சாக்ஸ், விரலிடுக்கில் வாசலின், குதிகாலில் பிளாஸ்திரி. ஷூவைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்தேன். பைக்குள் வைத்தாயிற்று. கனமே இல்லை.

மதியம்
19-ஆவது கிலோமீட்டர். மற்றவர்கள் மர நிழலில் படுத்துவிட்டார்கள். பையில் என்ன என்று அக்கா கேட்டாள், காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கிளம்பச் சொல்கிறார்கள். இதுவரை 63 கம்பங்கள்.