முதல் ரிவ்யூவில் 40 படம், பதில் ஒன்றுகூட இல்லை

பி.ஆர்க் ஐந்து வருடக் கட்டடக்கலைப் படிப்பு. அதன் கடைசி செமஸ்டர் முழுக்கத் தீசிஸ்தான், அதாவது ஒரு கட்டடத்தை நாமே முழுசாக வடிவமைத்துக் காட்டும் இறுதித் திட்டம். நான் எடுத்தது பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறிப் பயிற்சி மையம், அதை ஒட்டிப் பணியாளர் குடியிருப்பு. அப்பா தறி ஓட்டுகிறவர், அதனால் உள்ளே என்ன நடக்கும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வெளித்தோற்றத்தை மட்டும் ஏஐ பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். சறுக்கியது அங்கேதான். இந்த வருடம் தீசிஸ் எடுக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

எழுதிக் கொடுத்தால் படம் தரும் ஏஐ கருவியான மிட்ஜர்னியில் மூன்று ராத்திரி உட்கார்ந்து 40 முகப்புகள் எடுத்தேன். எல்லாம் அவ்வளவு அழகு. முதல் ரிவ்யூவில் ஷீட்டை மாட்டியதும், மதிப்பிட வந்த ஜூரியில் ஒருவர் கேட்டார்: "இந்தத் தகடு எத்தனை மில்லி? சுவரில் எதைப் பிடித்து நிற்கிறது? மழைத் தண்ணி எங்கே வடியும்?" வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர், "சரி, இதில் மேற்கு எது, அதையாவது சொல்லுங்க" என்றார். நான்கு பக்கமும் ஒரே முகம். எதைக் காட்டுவது?

வீட்டுக்கு வந்து அழுதுவிட்டு, அப்புறம் இந்தப் படங்கள் எப்படி உருவாகின்றன என்று படித்தேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். கருவி வெறும் புள்ளிக் குழப்பத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் புள்ளி இரைச்சலை நீக்கி, தான் பயின்ற கோடிக்கணக்கான படங்களைப் போல ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. எடை, அளவு, ஆணி, போல்ட் எதுவும் அதற்குக் கிடையாது. பயின்ற படங்களில் நம் ஊர் குறைவு என்பதும் பார்த்தாலே தெரிகிறது. தமிழ்நாட்டு வீடு என்று கேட்டால் கோபுரம் வைத்தது. கொங்கு வீடு என்றால் கேரளத்துச் சரிவுக் கூரை. வீட்டுக் கூடமான ஆசாரம், முற்றம் வைத்த தொட்டிக்கட்டு என்றெல்லாம் கேட்டுப் பார்த்தேன், அதைச் சொல்லாமல் விடுவதே நல்லது.

இரண்டாவது ரிவ்யூவுக்குக் கணினியை மூடி வைத்துவிட்டு வெயிலில் தொடங்கினேன். பல்லடம் ஏறத்தாழ 11 டிகிரி வடக்கு. ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 23 வாக்கு வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். குளிர்நாட்டுப் பாடப்புத்தகத்தைப் பார்த்துத் தெற்குக்கு மட்டும் நிழல் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஏஐ படங்களும் அப்படித்தான். 4 அடி உயரச் சன்னலுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூன் 21 நடுப்பகலில் வடக்குச் சன்னல் முழுக்க நிழலில் இருக்க, மேலே சன்ஷேடை 10, 11 அங்குலம் நீட்டினால் போதும். டிசம்பர் நடுப்பகலுக்குத் தெற்கில் 2 அடி 9 அங்குலம் வேண்டும். மேற்கில் சாயங்கால வெயில் படுத்துக்கொண்டு வரும், அங்கே எவ்வளவு நீட்டினாலும் பயன் இல்லை. செங்குத்துத் தடுப்போ, துளை விட்டுக் கட்டும் ஜாலிச் சுவரோதான் வழி.

இங்கே ஒரு சிக்கல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றும் அதே மேற்கிலிருந்துதான் வருகிறது. வெயிலை மறிக்க வேண்டும், காற்றை விட வேண்டும். குடியிருப்புக்கு அது சரி. ஆனால் தறிக்கூடத்துக்கு? அப்பாவிடம் கேட்டேன். "காத்துப் பட்டா நூல் காஞ்சு அத்துப் போயிரும் அம்மிணி" என்றார். ஆக ஒரே சைட்டில், ஒரே மேற்குத் திசையில், இரண்டு கட்டடத்துக்கு இரண்டு முகம்: கூடத்துக்கு மூடிய சுவர், குடியிருப்புக்கு ஜாலி. என் டிசைன் அன்றைக்குத்தான் பிறந்தது என்று சொல்வேன்.

ஜாலிக்கு வெறும் செங்கல் என்று வரைந்திருந்தேன். கோவை பக்கம் தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண் அள்ளும் பிரச்சினையால் 2021இல் சூளைகள் மூடப்பட்ட கதை தெரியும்தானே? செங்கல் எங்கிருந்து, என்ன விலைக்கு வரும் என்று விசாரிக்காமல் வரையாதீர்கள். கடைசியில் கீழ்த்தளத்துக்கு மட்டும் செங்கல், மேலே துளையிட்ட தகடு என்று மாற்றினேன். கோவை கணபதியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறைக்குப் படத்தை எடுத்துப்போனேன். மேஸ்திரி கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்ங்க அம்மிணி, இந்தத் தகடு எம்மாத்திரம்? சட்டத்தை நெருக்கிப் போடோணும். அப்பறம், இந்தச் சந்துல புறா கூடு கட்டுமே, ஆரு சுத்தம் பண்றது?" 40 படத்தில் ஒன்றில்கூடப் புறா இல்லை.

இத்தனைக்கும் பிறகுதான் மறுபடி ஏஐயைத் திறந்தேன். இந்த முறை வரிசை மாறியது. கையால் செக்ஷன் (கட்டடத்தை வெட்டிப் பார்க்கும் படம்), அப்புறம் அளவோடு எலிவேஷன் (முகப்புப் படம்), அந்தக் கோட்டுப் படத்தை ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற இன்னொரு ஏஐ படக் கருவியில் கண்ட்ரோல்நெட் என்ற துணைக் கருவி வழியாகக் கொடுத்தேன். 2023இல் வந்த இந்தக் கண்ட்ரோல்நெட், நாம் போட்ட கோட்டை ஏறத்தாழ மதித்து அதன் மேல் பொருளையும் ஒளியையும் பூசுகிறது. சொந்தக் கணினியில் 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் செலவில்லாமல் ஓட்டலாம். துளையின் அடர்த்தியில் பத்து வகை, ஓட்டு நிறத்தில் ஐந்து வகை என்று ஒரு மணி நேரத்தில் பார்க்க முடிந்தது, கையால் செய்திருந்தால் ஒரு வாரம் போயிருக்கும். இந்த இடத்தில் அதைக் குறை சொல்ல மாட்டேன். உலகப் புகழ் கட்டடக்கலை நிறுவனமான ஸாஹா ஹதீத் அலுவலகமே தொடக்கக்கட்ட யோசனைகளுக்கு இப்படிப் படங்களை எடுப்பதாக 2023இல் சொன்னது. ஆனால் அவர்களிடம் அதை வாங்கிக் கட்டிக்கொடுக்கப் பொறியாளர் படை இருக்கிறது, நம்மிடம் ஒரு மேஸ்திரியின் போன் நம்பர்தான்.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கட்டாயம் வரும் கேள்வி ஒன்று: கிராஸ்ஹாப்பர் என்ற வடிவமைப்பு மென்பொருளில், சிறந்த விடை தேடும் கலாபகோஸை ஓட்டுவதும் மிட்ஜர்னியும் ஒன்றா? இல்லை. முன்னதில் விதியையும் இலக்கையும் நாம் எண்ணாகக் கொடுக்கிறோம், அது தலைமுறை தலைமுறையாகச் சலித்து நல்ல விடையைத் தேடுகிறது. பின்னது பார்த்த படங்களின் சாயலில் புதுப் படம் தருகிறது. நான் தகட்டின் துளை அளவை முன்னதில் முடிவு செய்து, பின்னதில் காட்டினேன். குடியிருப்புக்கு, ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பான இகோ நிவாஸ் சம்ஹிதா 2018 கேட்கிற ஆர்இடிவி அளவு (சுவர், சன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பம்), சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது. அந்தக் கணக்கை எந்தப் படக் கருவியும் போட்டுத் தராது, எக்செல் ஷீட்டில் நாமேதான் போட வேண்டும்.

இன்னொன்று. எந்தப் படத்துக்கு என்ன வாசகம் கொடுத்தோம், சீட் எண் (அதே படத்தைத் திரும்ப எடுக்க உதவும் தொடக்க எண்) என்ன, எது நம் கோடு, எது கருவியின் வேலை என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். நான் அதை ரிப்போர்ட்டின் பின்னிணைப்பில் வைத்தேன். "இது நீங்கள் செய்ததா?" என்று கேட்டபோது பக்கத்தைப் புரட்டிக் காட்ட முடிந்தது.

கடைசி ஜூரிக்குப் பட்டறையில் சொல்லி ஒரு அடிக்கு ஒரு அடி தகட்டுத் துண்டு, சட்டத்தோடு செய்து எடுத்துப் போனேன். அதே ஜூரி வந்தார். தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். எத்தனை மில்லி என்று கேட்கவில்லை. "புறா?" என்றார். வலை எங்கே வருகிறது என்று செக்ஷனில் காட்டினேன்.