மறைகுறியாக்க லைப்ரரிக்குள் இருந்த எச்-சாச்சா20 என்ற செயற்கூற்றைப் (function) பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த அனுபவம்

நாகர்கோவிலில் நாங்கள் நடத்தும் சிறு நிறுவனம், குளச்சல் விசைப்படகுகளின் இருப்பிடத்தை ரேடியோ வழியே கரைக்கு அனுப்பும் கருவியை உருவாக்கி வருகிறது. மீன் கிடைக்கும் மடை எங்கே உள்ளது என்பதைப் பிறர் அறிவதை எந்தப் படகுக்காரரும் விரும்பமாட்டார் என்பதால், செய்தி மறைகுறியாக்கப்பட்டே செல்ல வேண்டும். மின்சாரம் நின்றால், செய்திகளுக்கு வரிசை எண் தரும் கருவியின் எண்ணி (counter) பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அந்த எண்ணியிலிருந்தே நான்ஸ், அதாவது ஒரு சாவியோடு ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய மதிப்பு, உருவாகிறது. ஒரே சாவியோடு ஒரே நான்ஸ் மீண்டும் வந்தால், நாங்கள் பயன்படுத்தும் சாச்சா20 (ChaCha20) என்ற மறைகுறியாக்க முறை தரும் பாதுகாப்பு அங்கேயே உடைந்துவிடும். தற்போக்காக (random) தேர்ந்தாலும் மீண்டும் வராத அளவுக்கு நீண்ட நான்ஸைக் கொண்ட அதன் வகையான எக்ஸ்-சாச்சா20 (XChaCha20) இதற்குத் தீர்வுதான். ஆனால் அதன் 24 பைட் நான்ஸை ஒவ்வொரு சிறு செய்தியோடும் அனுப்ப எங்களுக்கு இடமில்லை.

அந்த நான்ஸின் முதல் 16 பைட்டுகளையும் முதன்மைச் சாவியையும் வாங்கி 32 பைட் துணைச்சாவியைத் தருவது எச்-சாச்சா20 (HChaCha20). அது தனியே கிடைத்தால், கருவி இயங்கத் தொடங்கும்போதும் இடையிடையேயும் அந்த 16 தற்போக்கு பைட்டுகளை அனுப்பிவிட்டு, மற்ற செய்திகளில் எண்ணியை மட்டும் சேர்த்தால் போதும். நாங்கள் பயன்படுத்திய திறந்தமூல லைப்ரரிக்குள் அது ஏற்கெனவே இருந்தது. வெளியிலிருந்து அழைக்கத்தான் வழியில்லை. நகலெடுத்துக்கொள்வது எளிது என்றாலும், பின்னாளில் அங்கு நடக்கும் திருத்தம் கடலில் இருக்கும் கருவிக்கு வந்து சேராது என்பதால் முறையாகவே கேட்டோம்.

லைப்ரரியின் பராமரிப்பாளர்கள் தயங்கியது மிகவும் நியாயமானது. மாறிலிகள், சாவி, எண்ணி, நான்ஸ் ஆகியவை நிரம்பிய தொடக்க நிலையை இருபது சுற்றுகள் கலக்கிய பின், சாச்சா20 அந்தத் தொடக்க நிலையை மீண்டும் கூட்டுகிறது; எச்-சாச்சா20 அதைக் கூட்டாமல், பதினாறு 32 பிட் கூறுகளில் முதல் நான்கையும் கடைசி நான்கையும் அப்படியே தருகிறது. அந்த எட்டு இடங்களின் தொடக்க மதிப்புகள் மாறிலிகளும் 16 பைட் உள்ளீடுமே. அவற்றில் ரகசியம் எதுவும் இல்லை. ஆகவே ஒருவர் ஒரே சாவியை இரண்டுக்கும் பயன்படுத்தி, சாச்சா20-இன் எண்ணியும் நான்ஸும் சேர்ந்த 16 பைட்டுகள் எச்-சாச்சா20-இன் உள்ளீட்டோடு ஒத்துவிட்டால், சாச்சா20 வெளியீட்டை அறிந்த எவரும் வெறும் கழித்தலில் துணைச்சாவியைப் பெற்றுவிடலாம். இந்த எச்சரிக்கை ஆவணத்தின் முதல் பத்தியிலேயே இடம்பெற வேண்டும் என்று நானும் வலியுறுத்தினேன்.

ஒப்புதலுக்குப் பின் வேலை கூடியது. உள்ளிருந்த வடிவம் 32 பிட் எண்களின் வரிசையை வாங்கி, அதிலேயே விடையை எழுதியது. அதை அப்படியே வெளியிட்டால், பைட்டுகளை வேறு வரிசையில் வைக்கும் செயலிகளில் விடை மாறிவிடும். எனவே பைட்டுகளாக வாங்கும் மேலுறை ஒன்றை எழுதி, நீளங்களை நிலையாக்கி, இடைநிலை மதிப்புகளை அழித்து, எக்ஸ்-சாச்சாவை விவரிக்கும் இணைய வரைவில் (Internet-Draft) உள்ள சோதனை மதிப்போடு ஒப்பிட்டோம். பெயர் பற்றிய விவாதம் நீண்டது. வெளியிட்ட பெயரையும் அளபுருக்களின் (parameters) வரிசையையும் பிறகு மாற்றினால் அதை நம்பிய நிரல்கள் அனைத்தும் முறியும் என்பதால் அந்தப் பொறுமை தேவைதான். லைப்ரரியின் அடுத்த பதிப்பில், கீழ்நிலைச் செயற்கூறுகளுக்கான தனித் தலைப்புக் கோப்பில் (header file) அது சேர்க்கப்பட்டது.