அரிசி டப்பா வேண்டாம் அம்மா

நேற்று துணி ஊறவைத்த வாளிக்குள் என் போன் விழுந்துவிட்டது. துடைப்பதற்குள், ஈரத்தை அரிசி உறிஞ்சிவிடும் என்று அம்மா அரிசி டப்பாவைத் திறந்துவிட்டார். தடுத்தேன். அரிசித் தூசி உள்ளே போனால் அது வேறு வம்பு. ஆப்பிள் நிறுவனமே அரிசியில் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறது. அணைத்து, சிம் தட்டை உருவி, சார்ஜ் துளை கீழே பார்க்க உள்ளங்கையில் தட்டினேன். சொட்டுச் சொட்டாகச் சோப்புத் தண்ணீர். அப்புறம் ஒரு நாள் முழுக்க ஃபேன் காற்று. சார்ஜர் பக்கமே போகவில்லை.

இன்று டார்ச் அடித்து சிம் துளைக்குள் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய குட்டி ஸ்டிக்கர், மிளகாய்ப்பழச் சிவப்பு! தண்ணீர் பட்டதற்கு அதுதான் சாட்சி. பெட்டியில் ஐபி68 என்று, அதாவது தூசியும் தண்ணீரும் தாங்கும் என்ற தரக்குறியீடு, போட்டிருந்ததே என்றால், அந்தச் சோதனை நல்ல தண்ணீரில்தானாம். சரி, போன் பிழைத்துவிட்டது. ஸ்பீக்கர் மட்டும் சளி பிடித்த மாதிரி பேசுகிறது.