குன்னூர் சமையலறை: மேல் அலமாரி மாட்டும் நாட்குறிப்பு

ஜனவரி 6
பழைய பங்களாச் சுவர். செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. வடகிழக்குப் பருவமழை விட்டதும் முதல் வேலை ஓதம் பார்ப்பது. இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டியாயிற்று. ஒரு நாள் அப்படியே இருக்கட்டும்.

ஜனவரி 7
தாளின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர், சுவர்ப்பக்கம் காய்ந்திருக்கிறது. அப்படியானால் ஓதம் சுவரிலிருந்து வரவில்லை, அடுப்பு ஆவி குளிர்ந்த சுவரில் படிகிறது. சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் கூரை ஒழுக்கையும் வெளிப்பூச்சையும் சரிசெய்த பிறகுதான் மரவேலை. எப்படியிருந்தாலும் மலையில் பெட்டியின் முதுகைச் சுவரோடு ஒட்ட வைக்கக் கூடாது. காற்றுப் போக வழி இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும்.

பிளைவுட் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்துவிட்டது: 18 மி.மீ., ஐ.எஸ். 710 முத்திரை (நீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான தரம்). உடனே அறுக்க வேண்டாம். கீழ்நாட்டு வெயிலில் காய்ந்திருந்த பலகை இங்கே ஈரம் இழுக்கும். இடையில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்துப் படுக்க வைத்து நாலைந்து நாள் விட வேண்டும்.

ஜனவரி 12
பெட்டி 900 மி.மீ. அகலம், 600 உயரம், 300 ஆழம். கதவோடு 22 கிலோ வரும். எவர்சில்வர் பாத்திரமும் பருப்பு டப்பாவும் சேர்ந்தால் மொத்தம் 70 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கில் மேல் ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும் விசை சுமார் 20 கிலோ. ஸ்க்ரூ முறிவது அபூர்வம். ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் பிளாஸ்டிக் பிளக்கு பிதுங்கி வருவதுதான் வழக்கம்.

அதனால் பிரெஞ்ச் கிளீட்: சுவரில் ஒன்று, பெட்டியில் ஒன்று என ஒன்றையொன்று கவ்வும் இரண்டு பட்டைகள். 150 மி.மீ. அகலப் பட்டையை நடுவில் 45 டிகிரி சாய்த்து அறுத்தால் ஒரு ஜோடி. சுவர்ப் பட்டையின் சரிவு மேலே, சுவரைப் பார்த்து இறங்க வேண்டும். பெட்டிப் பட்டை அதற்குள் கவிழ்ந்து உட்காரும். 6 மி.மீ. பின்பலகையை மட்டும் நம்பி இதைப் பிடிக்கக் கூடாது. பெட்டிக்குள் மேல்பலகைக்கு அடியில் இன்னொரு 75 மி.மீ. சட்டம் வைத்து, வெளிப்பட்டையிலிருந்து அதற்குள் 38 மி.மீ. ஸ்க்ரூ ஆறு.

பசையைப் பகலில் போட வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே வெள்ளைப் பசை சுண்ணாம்பு போல வெளுத்து, பிடிமானம் இல்லாமல் போகும்.

ஜனவரி 13
சமையல் மேடையிலிருந்து பெட்டியின் அடி 600 மி.மீ., அடுப்புக்கு மேலே மட்டும் 750. டியூப் லெவல் (நீர் நிரப்பிய மட்டக்குழாய்) பிடித்துக் கோடு. சுவிட்சுக்கு நேர் மேலேயும் பக்கவாட்டிலும் துளை கிடையாது, ஒயர் ஓடும்.

சுண்ணாம்புப் பூச்சு 25 மி.மீ. கனம். சாதாரண 50 மி.மீ. பிளக்கில் பாதி பூச்சிலேயே நின்றுவிடும். அதனால் பட்டையையும் பூச்சையும் தாண்டிச் செங்கலுக்குள் போகும் நீளமான ஃபிரேம் பிளக்கு, 10×100 மி.மீ., நாலு. மெஷினில் ஹேமரை அணைத்து, முதலில் 6 மி.மீ. பிட். பூச்சு தாண்டியதும் தூள் சிவப்பாகவே வந்தால் செங்கல். திடீரென்று பிட் உள்ளே விழுந்து வெளுத்த மணல் கொட்டினால் அது இணைப்பு, 50 மி.மீ. நகர வேண்டும். நல்ல செங்கல் எங்கே இருக்கிறதோ அங்கே துளை போடலாம், பெட்டி அதனால் நகராது. கிளீட்டின் பெரிய பலமே இதுதான். இரும்பு ஃபாஸ்னர் வேண்டாம், விரிந்து பழைய செங்கலைப் பிளந்துவிடும்.

பிறகு 10 மி.மீ. பிட்டால், பட்டையோடு சேர்த்து 110 மி.மீ. ஆழம்; பிட்டில் டேப் சுற்றி அடையாளம். தூளை சைக்கிள் பம்பால் ஊதி எடுக்காவிட்டால் பிளக்கு முழுக்க இறங்காது. சுவர் குழிந்த இடத்தில், ஸ்க்ரூவுக்கு நேர் பின்னால், பட்டைக்கும் சுவருக்கும் இடையில் தக்கை கொடுக்க வேண்டும். இல்லையேல் முடுக்கும்போது பட்டை வளைந்து பெட்டி ஆடும்.

ஜனவரி 18
பொங்கல் கழிந்து மாட்டியாயிற்று. கதவைக் கழற்றிவிட்டு இரண்டு பேர் தூக்கினால் போதும். பெட்டியின் முதுகுக்கும் சுவருக்கும் இடையில், கீழே இரு மூலையிலும் 18 மி.மீ. துண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்க்ரூ. நீளப் பட்டையாக வைத்தால் காற்று அடைபடும்.

ஜனவரி 26
சாமான் ஏற்றி ஒரு வாரம். பட்டையின் மேல் விளிம்பில் போட்ட பென்சில் கோடு அப்படியே இருக்கிறது, பட்டை இறங்கவில்லை. ஸ்க்ரூக்களை இன்னொரு முறை முடுக்கி, கீல்களைச் சரிசெய்தால் போதும்.

புதுக் கட்டடங்களில் ஹாலோ பிளாக் சுவர் என்றால் சாதாரண ஃபிரேம் பிளக்கை நம்ப முடியாது. உள்ளே வெறும் பொந்து. வலைக்குழாய் செருகி கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் இறுகிப் பிடிக்கும் ரெசின் பசை) போட வேண்டும். குளிரில் அது இறுக நேரம் பிடிக்கும், டியூபில் அச்சிட்ட வெப்பநிலை அட்டவணையைப் பார்த்த பிறகே பாரம் ஏற்ற வேண்டும்.